வாசகர் கேள்வி – பதில்: முழுக்கு ஞானஸ்நானம்

டெல்டா மாவட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஞானஸ்நானத்தைப் பற்றியே கேட்டிருந்தன. விசுவாசித்தவர்களைத் தண்ணீரில் முழுவதும் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்திஸ்து சபைகளின் நடைமுறைப்படி பதில் எழுதியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கைக்குழந்தையிலேயே எனக்கு லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் முடிந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டார் பாப்திஸ்து சபை. “முழுக்கு எடுத்தால்தான் திருவிருந்துப் பந்தியில் சேரலாம்” என்கிறார்கள். இரண்டாம் முறை எடுப்பது தப்பில்லையா ஐயா? – வாசகி, மயிலாடுதுறை

சகோதரி, பாப்திஸ்து சபையார் இதை இரண்டாம் முறையாகக் கருதுவதில்லை. ஒருவர் தானே விசுவாசித்து, தன் வாயால் அறிக்கையிட்டு, அதன்பின் தண்ணீரில் இறங்குவதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் புரிதல். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ‘நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன’ என்று கேட்டது அவர்தான், அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பு அல்ல. லுத்தரன் சபையார் ஞானஸ்நானத்தைத் தேவன் செய்யும் செயலாகப் பார்க்கிறார்கள். அதைத் திரும்பச் செய்வது அவர்களுக்கு ஏற்புடையதல்ல. உங்கள் தாய் தகப்பன் செய்ததும் விசுவாசத்தோடு செய்ததே.

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கியது 1706-ல். அடுத்த ஆண்டே அங்கே ஞானஸ்நானம் நடந்தது. அந்த வழிவந்தவர்களை ‘தெளிப்பு ஞானஸ்நானக்காரர்’ என்று இளப்பமாகப் பேசுவது பாப்திஸ்து சபைகளில் சில இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய முதல் பாப்திஸ்து கூட்டமே தண்ணீரை ஊற்றித்தான் ஞானஸ்நானம் கொடுத்தது. முழுக்குதான் முறை என்று லண்டன் பாப்திஸ்து சபைகள் உறுதிசெய்தது 1640-களில். தாங்கள் இந்த முடிவுக்கு வர ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டவர்கள், வீட்டுக்கு வந்த மருமகளுக்கு ஓர் ஆண்டாவது அவகாசம் தர வேண்டாமா?

விசுவாசிகள் எல்லாருக்கும் பந்தியைத் திறந்து வைக்கும் பாப்திஸ்து சபைகளும் உண்டு, முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் தருகிற சபைகளும் உண்டு. உங்கள் சபையின் எழுதப்பட்ட விதி என்ன என்று போதகரிடம் கேளுங்கள். சில வேளைகளில் விதி ஒன்றும் மாமியார் சொல்வது ஒன்றுமாக இருக்கும். ஆறு மாதமாவது ஆராதனைக்குப் போய், வேதத்தை வாசித்து, உங்களுக்கே உறுதி வந்தால் எடுங்கள். வந்துவிட்டால், பழைய சபைப் போதகரை நேரில் பார்த்துச் சொல்லி, அங்கத்தினர் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதி வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல்லலாம். குடும்ப சமாதானத்துக்காக இறங்கிய ஞானஸ்நானம் குடும்பத்தில் முதல் சண்டை வரும்போதே கேள்விக்குள்ளாகிவிடும்.

ஞானஸ்நான வகுப்பு எத்தனை வாரம் வைக்க வேண்டும்? நடவு ஆரம்பித்துவிட்டால் ஒருவரும் வருவதில்லை. – இளம் போதகர், மன்னார்குடி வட்டம்

எட்டு வாரம் வகுப்பு, ஒன்பதாவது வாரம் தனிப்பேச்சு. இதற்குக் குறைக்க வேண்டாம். தேவன் யார், பாவம், சிலுவை, மனந்திரும்புதல், ரோமர் 6-ஆம் அதிகாரத்தின்படி ஞானஸ்நானத்தின் பொருள் (கிறிஸ்துவோடு அடக்கமாகி எழும்புவது), ஜெபமும் வேதவாசிப்பும், சபையும் பந்தியும், வீட்டு வாழ்க்கை என்று வாரத்துக்கு ஒன்றாக எடுங்கள். கடைசிப் பாடத்தில் வட்டிக்கடன், குடி, வரதட்சணை, தெருவில் சாதி பார்ப்பது எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாரம் ஒரு வசனம் வாய்ப்பாடமாகப் போதும். தேர்வு வைப்பது தேவையில்லாத பயத்தை உண்டாக்கும்.

நம் பகுதியில் சங்கடம் எங்கே என்றால், ஆட்களுக்கு ஓய்வு இருக்கிற மாதங்களில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் ஓடுகிற மாதங்களில் ஆட்களுக்கு ஓய்வு இருக்காது. அதனால் வகுப்பைச் சம்பா அறுவடை முடிந்து மாசியில் தொடங்கி சித்திரைக்குள் முடித்துவிட்டு, ஞானஸ்நானத்தை ஆடி, ஆவணிக்கு வையுங்கள். நடுவில் கிடைக்கும் மூன்று நான்கு மாதம் வீணல்ல. வகுப்பில் கேட்டது வீட்டில் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நடவுக் காலத்திலேயே நடத்தியாக வேண்டுமென்றால் இரவு ஏழரை மணிக்கு, அவர்கள் தெருவிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடத்துங்கள். நாளெல்லாம் குனிந்து நட்டுவிட்டு வந்தவர்களைச் சபைக் கோயிலுக்கு நடக்கவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது நியாயமில்லை.

தனிப்பேச்சில் போதகரோடு, சபைப் பொறுப்பாளர்களான மூப்பரோ உதவிக்காரரோ இருவர் இருக்கட்டும். பெண்களிடம் பேசும்போது அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஏன் எடுக்க விரும்புகிறீர்கள், வீட்டில் யாருக்குத் தெரியும், எடுத்த பிறகு எது மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். இதில்தான் உள்ளது வெளியே வரும். ‘பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றால் முழுக்கு எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்’ என்பார்கள். நேர்த்திக்கடன் செலுத்துகிற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. கடிந்துகொள்ளாதீர்கள். நன்றி சொல்வது வேறு, கிறிஸ்துவோடு சேர்ந்து அடக்கம்பண்ணப்படுவது வேறு என்று பொறுமையாகக் காட்டி, அடுத்த தொகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் கேட்டதற்காக வருகிற மாப்பிள்ளைக்கும் இதே பதில்தான். கல்யாணத் தேதி குறித்த பிறகு வருகிறவருக்குக் கல்யாணத்துக்கு முன் கொடுக்காதீர்கள்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் கொடுக்கவே கூடாது. பெற்றோர் வேறு மதத்தவராக இருந்தால் அந்த வயது வரும்வரை காத்திருங்கள்.

ஆற்றில் கொடுப்பதா, தொட்டியிலா? ஆற்றில் என்றால் எந்த மாதம் நல்லது? – உதவிக்காரர், பாபநாசம்

ஆறுதான் பலருக்கும் விருப்பம். ஊரறியச் சாட்சி சொல்வதற்கும் ஆற்றங்கரையே பொருத்தமான இடம். ஆனால் தேதியைக் குறிக்கும் முன் தண்ணீரின் கணக்கைப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. திறந்த அன்றே நமக்குத் தண்ணீர் வராது. கல்லணைக்கு வரவே மூன்று நாளாவது ஆகும், கடைமடைக்கு இன்னும் பல நாள். முதலில் வருகிற தண்ணீர் ஆற்றில் கிடந்த கண்ணாடிச் சில்லு, முள், குப்பை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். ஆகவே வந்து இரண்டு வாரம் போகட்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல காலம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. காலையில் இடுப்பளவு ஓடிய வாய்க்கால் மதியம் கழுத்தளவு ஓடும். அந்த மாதங்களில் ஆறு வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு அணை மூடுவதற்குள் ஒரு சனிக்கிழமை கிடைத்தால் அதுவும் நல்லது. ஓட்டம் அப்போது அடங்கியிருக்கும்.

குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு போன்றவற்றில் கரை சரிவாக இறங்குகிற, தரை மணலாக இருக்கிற இடத்தைத் தேடுங்கள். கொள்ளிடம் கூடவே கூடாது. அது வெள்ளம் வடிகிற ஆறு. முக்கொம்பு அணையில் உபரிநீர் திறந்தால் மட்டம் திடீரென்று ஏறும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. இடுப்பளவில் நிற்கிறவர் அடுத்த அடி வைத்தால் ஆளையே மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும். வருடாவருடம் உயிர் போகிற இடம் அது.

முந்தின நாள் ஒருமுறை, அன்று காலை ஒருமுறை, ஆறடி மூங்கில் கழியில் மூன்றடிக்குக் கோடு போட்டுக்கொண்டு, நிற்கப்போகும் இடத்தைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்குக் குத்திப் பாருங்கள். ஓர் இலையை மிதக்க விட்டால் பத்தடியைக் கடக்க ஆறேழு விநாடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அதைவிட வேகமாகப் போனால் அன்று அங்கே வேண்டாம். நீச்சல் தெரிந்த இருவரைக் காற்றடித்த லாரி டியூபோடும் கயிற்றோடும் கீழ்ப்புறத்தில் இருபதடி தள்ளி நிறுத்துங்கள். அவர்கள் பாட்டுப்பாடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாது.

படித்துறையில் இறங்குவதானால் பாசியை முந்தின நாளே தேய்த்துவிடுங்கள். இந்துக் கோயில் படித்துறை, தர்ப்பணம் கொடுக்கிற துறை இவற்றைத் தவிருங்கள். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களும் வேண்டாம். அன்று கரை முழுக்க அடுத்தவர் வழிபாடு. கரையோர நிலத்துக்காரரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலே நடத்தினால் இன்னும் நல்லது.

காலில் ஆறாத புண் இருப்பவரை, முக்கியமாகச் சர்க்கரை நோயாளியை, ஆற்றில் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் உள்ளே போகும். அவருக்குத் தொட்டி. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், வலிப்பு வருகிறவர், இருதய நோய்க்காரர் எல்லாரும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். இதை வகுப்பிலேயே விசாரிக்க வேண்டும், கரையில் நின்று அல்ல.

ஆறு காய்ந்திருக்கும் மாதங்களில் பம்புசெட் தொட்டி கைகொடுக்கும். மார்கழிக் காலையில் ஆழ்துளைத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும், வயதானவர்களுக்கு இதம். ஆனால் ஆள் இறங்கும் முன் மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட வேண்டும்.

முழுக்கும்போது கனமான ஆட்களைத் தூக்க முடியாமல் தடுமாற்றம் வருகிறது. சிலர் கால் மேலே வந்துவிடுகிறது. சரியான முறை என்ன? – போதகர், திருத்துறைப்பூண்டி

தூக்க வேண்டிய அவசியமே வராமல் நிறுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் மட்டம், முழுக்கு எடுப்பவரின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மூன்றிலிருந்து மூன்றரை அடி இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் அவர் எடை முழுவதும் உங்கள் கையில். நெஞ்சளவுக்குப் போனால் உடல் மிதந்து கால் தரையைவிட்டு எழும்பிவிடும்.

ஓடுகிற தண்ணீரில் அவர் முகம் நீரோட்டம் போகும் திசையைப் பார்க்க நிற்கட்டும். பின்னால் சாயும்போது தலை மேல்புறத்தில் இருக்கும். தண்ணீர் தலையிலிருந்து காலுக்கு ஓடுவதால் மூக்கில் ஏறாது, எழும்பும்போது முதுகையும் தள்ளிக்கொடுக்கும். திருப்பி நிறுத்தினால் ஓட்டம் நேரே மூக்குத் துவாரத்துக்குள் போகும். மூச்சுத்திணறி இருமுகிறவர்களில் பாதிப்பேர் இப்படி நிறுத்தப்பட்டவர்களே.

நீங்கள் அவருடைய பக்கவாட்டில், கால்களை அகட்டி நில்லுங்கள். அவர் வலக்கையில் மடித்த கைக்குட்டை, இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கட்டும். உங்கள் ஒரு கை அந்த இரண்டு கைகளின்மேல், மறு கை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கழுத்துக்குச் சற்றுக் கீழே. கழுத்தைப் பிடிக்காதீர்கள். விசுவாச அறிக்கையைக் கேட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி முடித்த பிறகே அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, கைக்குட்டையால் மூக்கை மூட வேண்டும். நாமத்தைச் சொல்லத் தொடங்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு தீர்ந்துவிடும்.

இப்போது அவர் முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகிறவர்போல இறங்கிப் பின்னால் சாய வேண்டும். விறைப்பாக மரக்கட்டையாய்ச் சாய்ந்தால்தான் கால் மேலே வரும். குதிகால் தரையிலேயே இருக்கட்டும் என்று வகுப்பில் கடைசி வாரம் பாயில் ஒருமுறை செய்து காட்டுங்கள். முகம் முழுவதும் மூழ்கியதும் உடனே எழுப்பலாம். தண்ணீருக்குள் வைத்திருக்கத் தேவையில்லை. நெற்றியோ கையோ மேலே தெரிந்தால் திரும்பவும் முழுக்க வேண்டுமா என்று சிலர் பதறுகிறார்கள். முகம் மூழ்கியிருந்தால் போதும். கூட்டத்தின் முன்னால் இரண்டாம் முறை அமுக்குவது அவரைக் கலங்க வைக்கும்.

உங்களைவிடக் கனமானவருக்கு உதவிக்காரர் ஒருவர் மறுபக்கம் நிற்கட்டும். முழங்கால் வலிக்காரருக்குத் தண்ணீருக்குள் இரும்பு ஸ்டூல் போடலாம். பிளாஸ்டிக் நாற்காலி மிதக்கும். தண்ணீரைக் கண்டு மிரள்கிறவரை மார்பளவு தண்ணீரில் மண்டியிட வைத்து, முன்னால் குனிந்து முழுக்கச் சொல்லலாம். அதுவும் முழுக்குதான்.

ஞானஸ்நானத்துக்கு எப்படி உடுத்துவது? மாதவிலக்கு நாளாக இருந்தால் தள்ளிப்போட வேண்டுமா? – வாசகி, கும்பகோணம்

தள்ளிப்போட வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. உங்களுக்கு வசதியா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. வசதியில்லையென்றால் போதகரின் மனைவியிடமோ பெண்கள் ஐக்கியத்துத் தலைவியிடமோ சொன்னால் போதும். காரணம் கேட்காமல் தேதி மாற்றித் தருவது சபையின் கடமை.

புடவை வேண்டாம். கொசுவம் தண்ணீரில் மிதந்து காலைச் சுற்றும். சுடிதாரின்மேல் கணுக்கால்வரை நீளமான அங்கி நல்லது. வெள்ளை அங்கி என்றால் கெட்டியான காடாத் துணியில் இரட்டை மடிப்பாகத் தைக்க வேண்டும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடலோடு ஒட்டி எல்லாம் தெரியும். கரும்பச்சை, கருநீலம் இன்னும் பாதுகாப்பு. அங்கியின் கீழ் ஓரத்து மடிப்பில் மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஆறேழு வைத்துத் தைத்தால் அங்கி மேலே எழும்பாது. நாகப்பட்டினம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ஆண்கள் வேட்டி மட்டும் கட்டி இறங்காதீர்கள், உள்ளே அரைக்கால் சட்டை அவசியம். ஞானஸ்நானம் கொடுப்பவரும் எடுப்பவரும் அடக்கமாக உடுத்தியிருக்க வேண்டும் என்பதை லண்டன் பாப்திஸ்து சபைகள் 1644-ல் வெளியிட்ட விசுவாச அறிக்கையிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

கரையேறியதும் போர்த்தத் துண்டோடு பெண்கள் இருவர் தண்ணீர் ஓரத்திலேயே நிற்க வேண்டும். உடை மாற்றும் மறைப்பு நான்கு பக்கமும் தார்ப்பாயாக இருக்கட்டும், புடவையாக வேண்டாம். படம் எடுப்பவர்கள் எழும்பி வருகிற நொடியை எடுக்க வேண்டாம். துண்டு போர்த்திய பிறகு எடுக்கலாம்.

சபைக் கோயிலுக்குள் ஞானஸ்நானத் தொட்டி கட்ட நினைக்கிறோம். அளவு சொல்லுங்கள். – சபைப் பொருளாளர், வேதாரண்யம்

உள் அளவு ஏழடி நீளம், நாலரை அடி அகலம், நாலடி ஆழம். தண்ணீர் மூன்றேகால் அடிக்கு. இருவர் இறங்கி ஒருவர் மூழ்கும்போது ஒன்றரை அங்குலம் ஏறும், அதனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். படி எட்டு அங்குல உயரம், பத்து அங்குல அகலம். ஐந்து படிக்கு நீளத்தில் இன்னும் நாலடிக்கு மேல் விட வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடி, அதுவும் துருப்பிடிக்காத எஃகில். படியிலும் தரையிலும் வழவழப்பான டைல்ஸ் ஒட்டிவிட்டு வருத்தப்படுகிற சபைகள் நிறைய. சொரசொரப்பான சிமெண்ட் தளமே போதும்.

படிப்பகுதியையும் சேர்த்தால் தண்ணீர் 3500 லிட்டர் பக்கம் வரும், அதாவது மூன்றரை டன். நம் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேடைக்கு மண் நிரப்பி அதன்மேல் செங்கல் தொட்டி கட்டினால் இரண்டாம் கோடையில் விரிசல் விடும். கம்பி கட்டிய கான்கிரீட்டாகவே போடுங்கள். முழுவதும் தரைக்குள் இறக்காமல் பாதி தரைக்குள், பாதி மேடை உயரத்துக்குள் வருமாறு அமையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது, ஆழமாக இறக்கிய காலித் தொட்டியின் தளத்தை அது கீழிருந்து தள்ளும். உங்கள் பக்கம் உப்பு நீர் என்பதால் கலவைக்கும் நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அடியில் ஒரு மூலையை நோக்கிச் சரிவு கொடுத்து, இரண்டங்குலக் குழாயும் வால்வும் வையுங்கள்.

முந்தின நாள் மாலை நிரப்பினால், 25 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். முடிந்த அன்றே வடித்துவிட வேண்டும். தேங்கினால் டெங்கு கொசு.

தண்ணீருக்குள் நிற்கும்போது ஒலிவாங்கியைத் தொடவே கூடாது. 2005-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பாப்திஸ்து போதகர் தொட்டிக்குள் நின்றபடி ஒலிவாங்கியைத் தொட்டு, மின்சாரம் பாய்ந்து இறந்தார். தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் கம்பி போடுவதும் அதே ஆபத்து. வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பில் காய்ச்சி ஊற்றுங்கள்.

நாங்கள் ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் எடுத்தால் மகனின் சாதிச் சான்றிதழ் போய்விடுமா? – வாசகர், திருவாரூர்

மாறும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறியவரைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. 18 சதவீதப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குப் பதிலாக 26.5 சதவீதப் பிரிவில் போட்டியிட வேண்டும். மாநில அரசின் சில கல்வி உதவித்தொகைகள் மதம் மாறியவர்களுக்கும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரி வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்த ஆணை அநியாயமானது என்றே நாங்கள் கருதுகிறோம். மதம் மாறியதால் சேரியில் இருப்பவரின் வீடு தெருவுக்கு நடுவில் வந்துவிடுவதில்லை. ஆனாலும் போதகர்கள் இதை வகுப்பின் முதல் மாதத்திலேயே, குடும்பத்தார் எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் முழுக்கிவிட்டு, மகன் கல்லூரியில் சேருகிற ஆண்டில் தெரியவந்தால் அந்தக் குடும்பம் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும். பதிவேட்டில் எழுதாமல் மறைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிற ஊழியக்காரர்களும் இருக்கிறார்கள். அதற்கு உடன்படாதீர்கள். உங்கள் மகன் வயது வந்தவராக இருந்தால், தனக்கு என்ன வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். தகப்பன் எடுக்கும் ஞானஸ்நானம் மகனுக்கும் எடுத்ததாகாது.

தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. இருந்தாலும், தன் விருப்பத்தின்பேரில் எடுக்கிறேன் என்று எடுப்பவர் கைப்பட எழுதிய கடிதத்தைச் சபை வாங்கி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஞானஸ்நானத்தின்போது பெயர் மாற்ற வேண்டுமா? சான்றிதழில் என்ன பெயர் எழுதுவது? – சபைச் செயலாளர், பட்டுக்கோட்டை

மாற்றத் தேவையில்லை. முருகேசன் முருகேசனாகவே இருந்து கர்த்தரைச் சேவிக்கலாம். சான்றிதழிலும் பதிவேட்டிலும் ஆதாரில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் எழுதுங்கள். புதுப்பெயர் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்ட பிறகே எல்லா ஆவணத்திலும் மாற்ற முடியும். ஞானஸ்நானச் சான்றிதழை மட்டும் காட்டி வங்கியிலோ பள்ளியிலோ மாற்ற முடியாது. பதிவேட்டில் பிறந்த தேதி, தகப்பன் தாய் பெயர், ஞானஸ்நானம் நடந்த இடம், கொடுத்தவர் கையெழுத்து, சாட்சிகள் இருவர் கையெழுத்து இருக்கட்டும். எழுதும் வேலையை அன்று மாலையே முடித்துவிடுங்கள். தொகுதியாகப் பதினைந்து பேர் எடுத்த நாளில், ‘அடுத்த வாரம் எழுதலாம்’ என்று விட்ட பதிவேடுகளில்தான் தேதி முன்னுக்குப்பின் முரணாகக் கிடக்கிறது.